மழைக்குக் கட்டிய கொலுசு

பிரபாவதி படிப்பில் யாருக்கும் பின்னால் நின்றவள் அல்ல. கொல்லிமலையில் பைல் நாடு என்ற பகுதிப் பெண். அப்பா சாமியப்பன் மரவள்ளியும் சாமையும் போட்டு, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றிப் பிழைத்தவர். அம்மா மாராயி. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கி, 1997இல் மலையிறங்கி, ராசிபுரம் பக்கத்துப் பாலிடெக்னிக் ஒன்றில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவில் சேர்ந்தாள். முதல் பருவத்தில் சில பெண்கள் முதுகுக்குப் பின்னால் அவளை ‘மலைக்காரி’ என்றார்கள். தேர்வு முடிவு வந்த பிறகு அதே பெண்கள் அவளுடைய ரெக்கார்டு நோட்டை இரவல் கேட்டு வந்தார்கள்.

நான் அவளை அறிந்தது சில வருடங்கள் கழித்து, கோயம்புத்தூரில். இருவரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் வித்யாஸ்ரீயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மணி அடிக்கும்வரை பேசுவாள். கோபமாகப் பேச மாட்டாள். ஒரு பழைய வயிற்று வலியைப் பற்றிச் சொல்வதுபோல, எங்கே தொடங்கியது, எப்போது கூடியது என்று நிதானமாகச் சொல்வாள்.

தொடங்கியது மூன்றாம் ஆண்டில். அந்த வருடம் அர்த்தனாரி என்ற இளம் விரிவுரையாளர் புராஜெக்டுக்குப் பொறுப்பேற்றிருந்தார். அதுவரை அங்கே புராஜெக்ட் என்றால் சேலம் கடைவீதிக்குப் போய், தயாராக விற்கும் கிட் ஒன்றை வாங்கி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, பெயரெழுதிக் கொடுத்துவிடுவது. அர்த்தனாரி சார் வெளியூரில் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார். யோசனை என்பது தானாக வருவதல்ல, வரவழைக்கலாம், அதற்கு வழிகள் இருக்கின்றன என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்களாம். இந்த முறை ஒருவரும் கிட் வாங்கக் கூடாது, எல்லோரும் உட்கார்ந்து யோசிக்கப் போகிறோம் என்றார்.

ஆய்வக மேசைகளைத் தள்ளிப்போட்டு வட்டமாக உட்கார வைத்தார். ஒரே ஒரு சட்டம். யார் எதைச் சொன்னாலும் ‘அது நடக்காது’ என்று மற்றவர்கள் சொல்லக் கூடாது. கரும்பலகையில் எல்லாவற்றையும் எழுத வேண்டும், கிறுக்குத்தனமானதையும்.

பிரபாவதிக்கு அந்த ஒரு சட்டம்தான் சிரமமாக இருந்தது. ரமேஷ்குமார் என்ற பையன், மாடு சினைக்கு வந்தால் விளக்கு எரிகிற கருவி செய்யலாம் என்றான். அது ஏன் முடியாது என்பதற்கு அவளிடம் அடுக்கடுக்காகக் காரணங்கள் வந்து நின்றன. வாயைத் திறந்தாள். சார் விரலை உயர்த்தித் தடுத்தார்.

“குறை சொல்றதுக்குன்னே ஒரு நாள் தனியா வெச்சுக்கலாம்மா. இன்னைக்கு வேண்டாம்.”

அப்படி ஒரு நாளை அவர் வைக்கவே இல்லை. பாடம் முடிக்கவே நேரம் போதவில்லை.

அடுத்த வகுப்பில் பிஸ்கட் டப்பா ஒன்றில் துண்டுச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். ஒவ்வொன்றிலும் ஒரு சொல். கையில் வந்த சொல்லை வைத்துக்கொண்டு, அன்றாடம் பார்க்கும் ஏதாவது ஒரு கஷ்டத்தோடு முடிச்சுப்போட வேண்டும். பிரபாவதிக்கு வந்தது ‘சீப்பு’. அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. விடுதியில் சீப்பை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பல், இடைவெளி, பிரித்தல், சிக்கெடுத்தல் என்று தாள் நிறைய எழுதினாள். எல்லாம் சீப்பாகவே இருந்தன. ஒன்றும் வேறொன்றாக மாறவில்லை.

அவளோடு ஒரே அறையில் இருந்தவள் வித்யாஸ்ரீ. முள்ளுக்குறிச்சிக்காரி. அப்பா அருணாசலத்துக்கு அடிவாரத்தில் கிணற்றுப் பாசனத்தோடு சொந்தக் காடு இருந்தது. படிப்பில் நடுத்தரம். தேர்வுக்கு முதல் நாள் பிரபாவதியின் நோட்டை வாங்கிப் படிப்பவள். அவளுக்கு வந்த சொல் ‘கொலுசு’. சீட்டைப் பிரித்துப் பார்த்துச் சிரித்துவிட்டு, கம்மல் டப்பாவில் போட்டு மூடிவிட்டாள். அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

அடுத்தடுத்த வகுப்புகளில் மற்ற வழிகள். பஸ் கண்டக்டரின் கண்ணால் பார், ஆட்டின் கண்ணால் பார் என்றார் சார். பிறகு தலைகீழ்க் கேள்வி: ஒரு வேலையை நன்றாகச் செய்வது எப்படி என்று கேட்காதே, உருப்படாமல் போக என்ன செய்யலாம் என்று கேள். ஒவ்வொன்றிலும் வித்யாஸ்ரீ எழுந்து நின்று எதையாவது சொன்னாள். பாதி அபத்தம். ஆனாலும் வகுப்பு சிரித்தது, சார் சுண்ணாம்புக் கட்டியால் அவசரமாக எழுதிக்கொண்டார். பிரபாவதியின் பெயருக்கு நேரே பலகை காலியாக இருந்தது.

“மார்க்குல ஒருத்தி முந்துனா கூடக் கொஞ்சம் படிச்சுப் புடிச்சரலாமுங்க. இதை எந்தப் புஸ்தகத்துல படிக்கிறது?” என்று என்னிடம் கேட்டாள்.

பொங்கல் விடுமுறைக்கு வித்யாஸ்ரீ மலைக்கு வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தாள். பிறந்ததிலிருந்து வீட்டுக் கொல்லையில் நின்றால் தெரிகிற மலை, ஒரு தடவைகூட ஏறியதில்லையாம். பிரபாவதிக்கு அழைத்துப்போக மனமில்லை. மறுக்கவும் காரணம் கிடைக்கவில்லை. அடிவாரத்திலேயே வித்யாஸ்ரீயின் ஊர் இருந்தாலும் அந்தக் காலத்தில் பஸ்ஸில் சுற்றிக்கொண்டுதான் ஏற வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் பிரபாவதி வழக்கம்போல ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். மலையிலேயே பிறந்து வளர்ந்தவளுக்குக் கடைசிவரை அந்த வளைவுகள் ஒத்துக்கொள்ளவில்லை. சமவெளிப் பெண்ணோ, ஒவ்வொரு வளைவுக்கும் மறுபக்க ஜன்னலுக்குத் தாவிப் பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு, மலைமேல் சோளக்காடு ஊரில் இறங்கும்போது பசிக்கிறது என்றாள்.

வீட்டிலும் அப்படித்தான். சாமைச் சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மாராயியோடு மிளகுக் கதிரை மிதித்து உதிர்க்க இறங்கினாள். பிரபாவதி வீட்டுக்கு வந்தால் ஓரமாகப் புத்தகத்தோடு உட்காருபவள். அம்மா இப்படி வாய்விட்டுச் சிரித்து அவள் பார்த்து நாளாகியிருந்தது. தங்களோடு இருக்கும்போது அம்மா ஏன் இப்படிச் சிரிப்பதில்லை என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள் முற்பகல். வீட்டுக்கு முன்னால் இருந்த பாறையில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. சாமியப்பன் காட்டுக்குப் போயிருந்தார். மூன்று பெண்களும் அடுப்படியில் இருந்தார்கள். கூரைமேல் மெல்லிய சத்தம் கேட்டதும் மாராயி கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். பிரபாவதி பின்னாலேயே ஓடினாள். இது மூச்சு விடுவதுபோல அவளுக்கு. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தூறல் விழுந்தால் ஓடி, மிளகையோ ராகியையோ வாரிக் கட்டியவள். வித்யாஸ்ரீயும் வந்து தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தாள். எல்லாவற்றையும் உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே அவள் கேட்டாள்:

“ஏனுங்கம்மா, மழை வருதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க?”

“வெளிய நின்னா மூஞ்சியில ஒரு சொட்டு உழுகும் கண்ணு. உள்ளார இருந்தா, கூரையில கேட்டாத்தான் உண்டு. அதுக்குள்ள பாதி நனைஞ்சு போயிருக்கும்.”

வித்யாஸ்ரீ துண்டைத் தலையில் வைத்தபடி அப்படியே நின்றாள். பிறகு பிரபாவதியின் பக்கம் திரும்பினாள்.

“பிரபா, மழைக்கு ஒரு கொலுசு கட்டி உட்டா என்ன?”

என்ன சொல்கிறாள் என்று மாராயிக்குப் புரியவில்லை. பிரபாவதிக்கு அந்த நொடியே முழுவதும் புரிந்துவிட்டது. ஒரு சின்னப் பலகையில் நெருக்கமாக இரண்டு செப்புக் கோடுகள். முதல் துளி விழுந்ததும் கோடுகள் ஒன்றுசேரும், டிரான்சிஸ்டர் விழிக்கும், பஸ்ஸர் கத்தும். மழையின் கால் தரையில் பட்டவுடன் ஓசை. சர்க்யூட்டை அவளால் அங்கேயே சாம்பலில் விரலால் போட்டுக் காட்டியிருக்க முடியும். வித்யாஸ்ரீக்கு அதைச் சரியாகப் போடத் தெரியாது என்றும் அவளுக்குத் தெரியும்.

வருடக்கணக்காக அந்தத் தூறலில் ஓடியவள் அவள். அது அவள் வீட்டுப் பாறை, அவள் அம்மாவின் மிளகு. யோசனை மட்டும் வேறொருத்திக்கு, வந்த மறுநாளே.

நல்லா இருக்கு என்று சொன்னாள். குரல் தனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டதாம்.

கல்லூரி திறந்ததும் வித்யாஸ்ரீ தன் குழுவில் சேரும்படி அவளைக் கெஞ்சினாள். பிரபாவதி மறுத்துவிட்டு, வேறு இருவரோடு சேர்ந்து, இருட்டினால் தானாக எரியும் தெருவிளக்கு ஒன்றை எடுத்துக்கொண்டாள். வருடாவருடம் யாராவது செய்வதுதான். அர்த்தனாரி சாருக்கு அதில் வருத்தம். முதல் மாணவி இப்படி எளிதான வழியைப் பிடித்துக்கொண்டாளே என்று சொல்லிக்காட்டினார். வித்யாஸ்ரீயின் ‘மழைக்கொலுசு’ என்ற பெயரைப் பலகையின் நடுவில் எழுதி, வழிகளைப் பயன்படுத்தினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதுதான் அத்தாட்சி என்றார்.

அதன் பிறகு பிரபாவதிக்கு வித்யாஸ்ரீயிடம் எல்லாமே உறுத்தியது. அவள் தலை பின்னிக்கொண்டே முணுமுணுக்கும் பாட்டு, சார் ‘வித்யா’ என்று பெயரைச் சுருக்கிக் கூப்பிடுவது, பற்றவைக்கத் தெரியாமல் விரலைச் சுட்டுக்கொண்டு அதற்கும் சிரிப்பது. சாப்பாட்டுக்கூடத்தில் வேறு மேசைக்கு மாறினாள். பாடத்தில் மனம் போகவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. ஒரு மாலை துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, வித்யாஸ்ரீயின் கருவி எப்படியாவது கெட்டுப்போக வேண்டும் என்று நினைத்தாள். எப்படிக் கெடும் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். சார் சொல்லிக் கொடுத்த தலைகீழ்க் கேள்விதான் அது. அவள் அதை உத்தேசித்துக் கேட்கவில்லை, வயிற்றெரிச்சலில் கேட்டாள்.

பதில்கள் மடைதிறந்ததுபோல வந்தன. மலையில் மழைக்கு முன்னால் மூடுபனி வரும். மூடுபனிக்கே பலகை நனையும். நனைந்தால் கத்தும். தினமும் விடிய விடியக் கத்தினால் பேட்டரி தீர்ந்துபோகும். சத்தத்தைத் தாங்காமல் யாராவது கம்பியைப் பிடுங்குவார்கள். கோழி ஏறி எச்சமிடும். பாதி காய்ந்த மிளகின் ஈரமே போதும் அதை ஏமாற்ற. எல்லாம் ஒழுங்காக நடந்தாலும், காட்டில் நிற்கும் அம்மாவுக்குப் பாறையின் சத்தம் கேட்காது. சீப்புச் சொல்லோடு இரவெல்லாம் உட்கார்ந்தபோது ஒன்றும் கிடைக்காத மூளையா இது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சோப்பு நுரை கையில் காயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மனம் ரொம்ப நாளைக்குப் பிறகு இலேசாக இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை.

மாசி மாதத்தில் வித்யாஸ்ரீயும் அவள் குழுவிலிருந்த ரமேஷ்குமாரும் கருவியைச் சோதித்துப் பார்க்க மலைக்கு வந்தார்கள். வேறு எங்கே வைப்பது, மாராயி வீட்டுப் பாறையில்தான். பிரபாவதியும் அந்த வார இறுதியில் வீட்டில் இருந்தாள். காலையில் மூடுபனி பள்ளத்திலிருந்து ஏறி வந்து முற்றத்தை மூடியது. மழை ஒரு துளிகூட இல்லை. கருவி கத்தத் தொடங்கியது. கோழிகள் சிதறி ஓடின. பக்கத்துக் காட்டிலிருந்து சின்னக்கண்ணு என்பவர் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று ஓடிவந்தார். ரமேஷ்குமார் பலகையைத் துணியால் துடைத்தான். மறுபடி கத்தியது. திருப்புளியால் எதையோ திருகி அதன் காதை மந்தமாக்கினான். அப்போதும் கத்தியது. மாராயி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிரபாவதி வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள். இனிப்பாக இருந்தது என்றுதான் என்னிடம் சொன்னாள், மறைக்கவில்லை.

வித்யாஸ்ரீ அசரவில்லை. இன்னும் கொஞ்சம் திருகிவிட்டு, இப்போது சரியாகிவிடும், ஒரு வாரம் இருக்கட்டும் அம்மா என்று கருவியைப் பாறையிலேயே விட்டுவிட்டு மதிய பஸ்ஸுக்குப் போய்விட்டாள். மறுநாள் பிரபாவதியும் விடுதிக்குத் திரும்பினாள்.

அடுத்த வாரம் அவள் வீட்டுக்குப் போனபோது மிளகு கோணியில் கட்டி மூலையில் கிடந்தது. அவிழ்த்துப் பார்த்தால் வெள்ளையாகப் பூசணம். மாராயி வழக்கமாக மிளகைப் பரப்பிவிட்டு எட்டப் போகாதவள். இந்த முறை கருவி இருக்கிறதே, அந்தப் பெண் அவ்வளவு தூரம் வந்து கட்டிவிட்டுப் போயிருக்கிறாளே என்று நம்பி, ஓடைக்கு அப்பால் கொடியில் மிளகு பறிக்கப் போயிருக்கிறாள். மாசியில் யாரும் எதிர்பார்க்காத மழை. கருவி வாயே திறக்கவில்லை. இரண்டு மூன்று நாள் மூடுபனிக்குக் கத்திக் கத்திப் பேட்டரி செத்திருந்தது. சோளக்காட்டு வியாபாரி அந்தக் கோணியைக் கையால் கிளறிப் பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்துவிட்டார்.

“போச்சாது, உடு. அந்தப் புள்ளகிட்டச் சொல்லீராத சாமி. மனசு சங்கடப்படும்” என்றாள் மாராயி.

அம்மா திட்டியிருந்தால் பரவாயில்லை. வித்யாஸ்ரீயைத் திட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். மிளகைப் பறிகொடுத்தவள், கெடுத்தவளின் மனசுக்காகப் பேசுகிறாள். தெரிந்தும் வாய்மூடி இருந்தவள் எதிரே நிற்பது அவளுக்குத் தெரியாது. பஸ்ஸில் திரும்பி வரும்போது பிரபாவதி வாந்தி எடுக்கவில்லை. உடம்பு அதைக்கூட மறந்துவிட்டதாம்.

நேராக ஆய்வகத்துக்குப் போனாள். வித்யாஸ்ரீ ஓரத்து மேசையில் தனியாக உட்கார்ந்து பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

“உன் கொலுசு எங்கம்மா மிளகக் கெடுத்துருச்சு.”

நடந்ததைக் கேட்டதும் வித்யாஸ்ரீ முகம் வெளுத்துப் போனது. இப்போதே மலைக்குப் போய் அம்மாவைப் பார்க்கிறேன் என்று எழுந்தாள். பிரபாவதி வழியை மறித்து நின்றாள்.

“இப்படி ஆகும்னு எனக்கு முன்னாடியே தெரியும். பனிக்குக் கத்தும், பேட்டரி தீந்துரும், எல்லாம் தெரியும்.”

“தெரிஞ்சுமா சொல்லல?”

“சொல்லல.”

“ஏன்?”

“அது எங்க ஊட்டு மழை. அந்த ரோசனை எனக்கு வந்திருக்கணும்.”

வித்யாஸ்ரீ பற்றவைப்புக் கோலை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அன்று அறைக்கு வந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து அறைக்கு மாறினாள். அந்த வாரமே அப்பாவோடு மலைக்குப் போய் மாராயியைப் பார்த்துவிட்டு வந்தாள் என்பது பிரபாவதிக்குப் பிறகுதான் தெரியும். அருணாசலம் தன் வீட்டுத் தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். பிரபாவதி தெரிந்தே சொல்லாமல் இருந்தாள் என்பதை வித்யாஸ்ரீ அங்கே வாய்விடவில்லை. அதுவும் பிரபாவதிக்கு ஒரு குத்தலாகத்தான் இருந்தது. தன்னால் அப்படி வாயடக்கி இருந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் வித்யாஸ்ரீ தாளும் பேனாவுமாக வந்து அவளெதிரே உட்கார்ந்தாள். முகத்தில் சிநேகம் இல்லை.

“இன்னும் என்னென்ன தெரியும் உனக்கு? எல்லாத்தையும் சொல்லு. ஒண்ணு உடாத.”

பிரபாவதி சொன்னாள். முதலில் முறைப்பாக, பிறகு வேகமாக. கோழி, எச்சம், மிளகின் ஈரம், காற்றில் பறந்து வந்து ஒட்டும் சருகு, தூரத்துக் காட்டில் நிற்பவரின் காது. வித்யாஸ்ரீ தலைகுனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஒரு மாற்று சொன்னாள். பிரபாவதி அதையும் உடைத்தாள். வித்யாஸ்ரீ வேறொன்று சொன்னதும் அதையும் உடைத்தாள். மூடுபனியில்தான் நெடுநேரம் முட்டிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் வித்யாஸ்ரீ, எண்ணெய் ஊற்றுகிற புனல் ஒன்றை வைத்தால் என்ன என்றாள். வாய் அகலமான புனல், அடியில் சின்னக் கிண்ணி, கிண்ணியில் ஒரு ஊசித் துளை. பனி சொட்டுச் சொட்டாக வந்தால் துளை வழியாக ஒழுகிப் போய்விடும். மழையென்றால் ஒழுகுவதைவிட வேகமாக நிறைந்து கம்பியைத் தொடும்.

பிரபாவதி அதையும் உடைக்கப் பார்த்தாள். முடியவில்லை. சருகு விழுந்தால் துளை அடைத்துக்கொள்ளும், மேலே கொசுவலைத் துணி கட்ட வேண்டும் என்று மட்டும் சொல்ல முடிந்தது. புனலும் வித்யாஸ்ரீக்கே தோன்றியதில் வயிறு மறுபடி எரிந்தது. ஆனால் அந்த மத்தியானம் நேரம் போனதே தெரியவில்லை என்றும் என்னிடம் சொன்னாள்.

புனல் வைத்த கருவி பங்குனிப் பனியில் ஒருநாளும் வீணாகக் கத்தவில்லை. வாளித் தண்ணீரைத் தெளித்தால் உடனே கத்தியது. அர்த்தனாரி சார் பிரபாவதியின் பெயரையும் குழுவில் சேர்க்கப் பார்த்தார். பதிவு முடிந்துவிட்டது, மாற்ற முடியாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அறிக்கையின் நன்றிப் பக்கத்தில் கடைசியாக அவள் பெயர் வந்தது. ‘பிரபாவாதி’ என்று அச்சாகியிருந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் இரண்டு புராஜெக்டுக்கும் நல்ல மதிப்பெண் போட்டார். தெருவிளக்குக்கு ஒரு மதிப்பெண் கூடுதல். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அறிவிப்புப் பலகையில் ஒட்டிய புகைப்படத்தில் வித்யாஸ்ரீ புனலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

படிப்பு முடிந்தது. வித்யாஸ்ரீ நேராக இரண்டாம் ஆண்டில் என்ஜினியரிங் சேர்ந்தாள். பிரபாவதியைவிடக் குறைந்த மதிப்பெண்தான், ஆனால் படிக்க வைக்க வீட்டில் தெம்பு இருந்தது. பிரபாவதி கோயம்புத்தூரில் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செய்யும் கம்பெனிக்கு வேலைக்கு வந்தாள். முதலில் பற்றவைக்கும் வரிசையில்தான் உட்கார வைத்தார்கள். வந்த சில வாரங்களிலேயே, தன் கைக்கு வரும் புதுப் பலகைகளைப் பார்த்து, இது வெயிலில் வெடிக்கும், இது எலி கடித்தால் ஷாக் அடிக்கும் என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சு சூப்பர்வைசர் காளியண்ணன் காதுக்குப் போயிற்று. கூப்பிட்டுத் திட்டப்போகிறார் என்று பயந்தாள். அவர் அவளைப் பரிசோதனைப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்தப் பிரிவுக்கு ஒரே வேலை. புதிதாக வடிவமைத்து வருகிற எதையும் கெடுத்துப் பார்ப்பது. சூடேற்றுவது, நனைப்பது, மேசையிலிருந்து கீழே தள்ளுவது, தவறாக இணைப்பது. எது கெட்டதோ அதை எழுதிக் கொடுப்பது. இப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்று கல்லூரியில் யாரும் சொன்னதில்லையே என்று முதல் வாரம் முழுக்கப் புலம்பினாள். நான் அப்போது பக்கத்து ஸ்டோரில் இருந்தேன். அவள் கேட்டு வாங்கிப்போகும் சாமான்களே வேடிக்கையாக இருக்கும். மணல், உப்புத் தண்ணீர், ஒரு தடவை உயிருள்ள பல்லி. வடிவமைப்புப் பிரிவில் அவளைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள். ஆனால் அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டிகூட லாரி ஏறாத நிலை இரண்டு வருடத்தில் வந்துவிட்டது.

கல்யாணமும் கோயம்புத்தூரிலேயே ஆனது. கணவர் பஞ்சாலையில் எலெக்ட்ரீஷியன். மாராயி மகள் வீட்டுக்கு வந்தால், இங்கே மிளகு காயப்போட ஒரு பாறைகூட இல்லையே என்று குறைப்படுவாள். வித்யாஸ்ரீ எப்படி இருக்கிறாள் என்றும் தவறாமல் கேட்பாள்.

2004இல் வித்யாஸ்ரீயின் கல்யாணம் ராசிபுரத்தில் நடந்தது. அவள் அப்போது பெங்களூரில், மருத்துவக் கருவிகள் வடிவமைக்கும் இடத்தில் நல்ல வேலையில் இருந்தாள். பிரபாவதி போகலாமா வேண்டாமா என்று எங்கள் எல்லோரையும் கேட்டுவிட்டுக் கடைசியில் போனாள். பந்தல், மேளம், புடவை, மாப்பிள்ளையின் உயரம் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து வெந்தேன் என்று திரும்பி வந்து ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னாள். மேடையில் வித்யாஸ்ரீ அவள் கையைப் பிடித்துக் கணவனிடம், என் மழைக்கொலுசை உடைத்தவள் இவள்தான் என்று அறிமுகப்படுத்தியிருக்கிறாள். பிறகு காதருகில் குனிந்து சொன்னாளாம்:

“இப்பவும் எதையாவது வரைஞ்சு முடிச்சா, பிரபா பாத்தா என்ன சொல்லுவான்னுதான் முதல்ல யோசிக்கிறேன். பாதியை நானே கிழிச்சுப் போட்டர்றேன்.”

அதைச் சொல்லும்போது பிரபாவதியின் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கவும் செய்தது.

“பாருங்க, என்னையுமே எடுத்து அவ வேலைக்கு வெச்சுக்கிட்டா. எனக்குச் சம்பளமும் இல்ல, பேரும் இல்ல.”

இந்தப் பொறாமை எப்போது தீரும் என்று நான் ஒருநாள் கேட்டேன். தீராது என்றாள், யோசிக்காமல். தீர்ந்துவிட்டால் வேலை போய்விடும் என்றும் சொன்னாள். அவள் சிரிக்கவில்லை. அதனால் நானும் சிரிக்கவில்லை.

நான் அந்தக் கம்பெனியை விட்டது 2006இல். கடைசி வாரத்தில் வடிவமைப்புப் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த சென்னம்மாள் என்ற பெண், கிணற்று மோட்டாருக்கு ஒரு தானியங்கி ஸ்டார்ட்டர் செய்திருந்தாள். தண்ணீர் வற்றினால் தானே நிற்கும், கரண்ட் வந்தால் தானே ஓடும். கம்பெனி முழுக்க அதே பேச்சு. முதலாளியே இறங்கி வந்து பார்த்துவிட்டு அந்தப் பெண்ணின் தோளில் தட்டிக் கொடுத்தார். சாயங்காலம் பெட்டி பரிசோதனை மேசைக்கு வந்தது. நான் விடைபெறப் போனபோது பிரபாவதி அதன் மூடியைக் கழற்றி, உள்ளே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறாள் பாருங்கள், எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் இப்படித் தோன்றாது என்றாள். சொல்லும்போதே உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஸ்டோரிலிருந்து கொஞ்சம் எறும்பு பிடித்துத் தர முடியுமா என்று என்னைக் கேட்டாள்.